விலகி நின்ற ஆவுடையப்பன்

ஆவுடையப்பன் தன் மகள் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போனது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், மார்க்கெட் வாசலில் அவள் கொத்தமல்லிக் கட்டு விற்கிற அம்மாளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது. பாளையங்கோட்டை வண்டிமறிச்சாம்மன் கோயில் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதை இப்படித்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டுக் குழாயில் தண்ணி வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவார்கள். இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது? பெற்ற பிள்ளை பார்க்காத தகப்பன் ஊருக்கு ஊர் உண்டு. இவர் கொஞ்சம் கூடுதலாகத் தெரியாமல் போனார், அவ்வளவுதான்.

அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன தண்ணி மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், கருகின கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். மகள் வடிவு விஸ்காம் படித்தாள். "விஸ்காம்னா என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டரா?" என்று கேட்டவர்களிடம், "படம் புடிக்கிற படிப்பு வே. கல்யாண வீட்ல புடிக்காம்லா, அப்படி இல்ல. இது யோசிச்சுப் புடிக்கிறது" என்று அவர் சொல்லுகிற அழகைக் கேட்பதற்காகவே சிலர் இரண்டாம் தடவையும் கேட்டார்கள்.

வடிவுக்குக் கண் என்றால் கண். வேப்பமரத்துப் பட்டையில் ஏறுகிற எறும்பு எதிரே இறங்குகிற எறும்புக்கு எப்படி வழி விடுகிறது என்று அவளுக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப வந்தவர்கள் பஸ் போன பிறகும் தூக்கின கையை இறக்க மறந்து நிற்பது தெரியும், பரோட்டாக் கடையில் மாவு வீசுகிறவர் யாரும் பார்க்காதபோது இன்னும் அழகாக வீசுவது தெரியும். படம் என்பது நீ உள்ளே வைப்பதில் இல்லை, வெளியே தள்ளுவதில் இருக்கிறது என்று வகுப்பில் யாரோ சொன்னது அவள் மனசில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தது. தனக்கென்று ஒரு பார்வை இருக்கிறது, அதை ஊர் உலகத்துக்குக் காட்டாமல் விடக்கூடாது என்று ராத்திரி பகலாக அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த வயசில் அடித்துக்கொள்ள வேண்டியதுதானே, தப்பு என்று யார் சொன்னார்கள்.

காமிராவைக் காலேஜில் இரவல் கொடுப்பார்கள், மற்றதெல்லாம் அப்பா. கடையை அரைநாள் பூட்டிவிட்டு, டிவிஎஸ் ஃபிஃப்டியில் காமிரா ஸ்டாண்டைக் கட்டி, மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவள் சொன்ன இடத்துக்கெல்லாம் போவார். வெயிலைத் திருப்பி ஆளின் முகத்தில் அடிக்க ஒரு தெர்மாகோல் அட்டை, அந்த அட்டையைப் பிடிக்க அவர். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்கிற ஆசையில் எட்டுவார், எட்டினால் தோள் உள்ளே வந்துவிடும். "ப்பா, ஃப்ரேமுக்குள்ள வராதீங்க" என்பாள். தாமிரபரணிப் படித்துறையில் சொன்னாள், ஜங்ஷன் பாலத்தடியில் சொன்னாள், பனங்காட்டில் சொன்னாள், மழையில் காமிராவுக்கு அவர் குடை பிடித்துத் தான் நனைந்துகொண்டு நின்றபோதும் சொன்னாள். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று நகர்ந்து நகர்ந்து, நாளாக ஆக அவள் லென்ஸைத் திருப்புவதற்கு முன்னாடியே விலகப் பழகிவிட்டார். ஒருநாள் அவள், "இப்பதான்ப்பா கரெக்டா இருக்கீங்க" என்றாள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி அவர் சந்தோஷப்பட்டார்.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய். அட்டையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லலாம் என்று வடிவு திரும்பினாள். சுவரில் சாய்த்துவைத்த அட்டை மட்டும் நின்றது. "ப்பா?" என்றாள். "இங்கதாம்மா நிக்கேன்" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. திரும்பினாள். குரல் மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இன்னொரு சுற்றுத் திரும்பினாள், இன்னொரு சுற்று. கொத்தமல்லி விற்ற அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏ பிள்ள, பெத்த தகப்பன இந்த வெயில்லயா செக்கு மாடு மாதிரி சுத்த விடுவ? பாவம், அவருக்கு மூச்சு வாங்குது" என்று அதட்டினாள். வீடு திரும்பும்போது வண்டியை வடிவுதான் ஓட்டவேண்டி வந்தது. ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து அவர், "பிரேக்க மெதுவாப் புடி, மெதுவாப் புடி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டில் அம்மா பேச்சியம்மாள் முதலில் நம்பவில்லை. "இந்தா நிக்காரு மலை மாதிரி, தெரியலங்கியா?" என்றாள். பிறகு மகள் திரும்புவதையும் புருஷன் அவள் பார்வைக்கு முன்னால் ஓர் அடி நழுவுவதையும் கண்ணாலேயே பார்த்துவிட்டு, அடுப்பில் இருந்த குழம்பை மறந்தாள். "நீங்க எதுக்கு ஓடுதீய? நில்லுங்களேன்!" என்றாள். அவர் சொன்னார்: "நிக்கணும்னுதான் பேச்சி நெனைக்கேன். அவ கண்ணு வந்தா கால் தன்னால நகந்துருது. கரெக்டா நிக்கணும்லா."

தெரு இதைச் சீக்கிரமே தன் புழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. அவருடைய நலத்தை வடிவுக்குச் சொல்வது எல்லாருடைய வேலையாயிற்று. அவள் காலேஜ் பஸ்ஸுக்கு நடந்தால், பால்காரர், "அப்பா இன்னைக்கு நீலச் சட்டை" என்பார். இஸ்திரி போடுகிறவர், "லேசா இருமுதாரு, சுக்குத் தண்ணி வச்சுக் குடு" என்பார். எதிர்வீட்டு மரகத மயினி, "ஒம் பின்னாடிதான் வாராரு, மெதுவா நட, செருப்பு வார் அந்துருக்கு" என்று மாடியிலிருந்து கத்துவாள். சாப்பாட்டில் பந்தி தனி: மகள் சாப்பிட்டு எழுந்து கை கழுவத் திரும்பும்போது அவர் உட்காருவார், அவள் வந்து பார்க்கையில் கழுவின தட்டு கவிழ்ந்திருக்கும். அவருக்கும் ஒரு குறை இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை: அவர் பார்த்ததெல்லாம் மகளின் பின்னந்தலையும் பின்னலும்தான். அந்தப் பின்னலில் தினம் ஒரு துண்டு பிச்சிப்பூ, அவள் அறியாமல், பின்னாலிருந்து செருகப்பட்டிருக்கும்.

இந்தச் சேதி பரவினதும் தெருவில் பலருக்கு உதறல் எடுத்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆண்பிள்ளைகள் வேலை விட்டு வந்து, சட்டையைக் கழற்றாமல், பெண்டாட்டியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள், "என்னத்தப் பாக்கீய, பேய் கீய் புடிச்சிருக்கா?" என்று திட்டு வாங்கினார்கள். மாமியார்கள் மருமகள்களுக்கு எண்ணெய் தேய்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நாள்தான். பிறகு டிவியில் மெகா சீரியலில் ஒரு கல்யாணம் வந்தது, எல்லாரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஆனாலும் ஆவுடையப்பனைத் தெரு அப்படியே விட்டுவிடவில்லை. சலூனில் எதிரெதிர்க் கண்ணாடிக்கு நடுவில் வடிவை உட்காரவைத்துப் பார்த்தார்கள். அத்தனை வடிவு தெரிந்தாள், அப்பா ஒருத்தர் இல்லை. கல்யாண ஆல்பத்தைப் பிரித்தார்கள்; அவள் கண் பட்ட பக்கத்தில், மாலையும் கழுத்துமாக அம்மா தன்னந்தனியாக வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். ஓடுகிற வண்டியையே மறித்து நிறுத்தினவள் நம்ம அம்மன், ஒரு மனுஷனை நிறுத்த மாட்டாளா என்று கொடைவிழா அன்றைக்குக் கோயில் தூணில் அவரைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினார்கள். அவரே கையை நீட்டிக் கொடுத்து, "இறுக்கிக் கட்டுங்க வே, கூச்சப்படாதிய" என்றார். மேளத்தை நிறுத்தினார்கள். அதுவரை கண்ணை மூடி நின்ற வடிவு திறந்தபோது, தூணைச் சுற்றி முடிச்சு அவிழாத கயிறும், கயிற்றில் சிக்கின ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன. கூட்டம் முழுக்க அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. "மன்னிச்சுக்கம்மா" என்று குரல் வந்தது. "கையெல்லாம் செவந்து போச்சே அண்ணாச்சி" என்று யாரோ சொன்னார்கள். வடிவு கோயில் தரையில் உட்கார்ந்து ஊர் பார்க்க வாய்விட்டு அழுதாள், ஒரு கை பின்னாலிருந்து வந்து அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது, அவள் திரும்பவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சியம்மாள் மனசில் கிடந்ததைக் கொட்டினாள். "எறும்பு தெரியுது ஒனக்கு, பரோட்டாக்காரன் கை தெரியுது. ஒங்கப்பாக்கு மூக்கு எப்படி இருக்கும்? சொல்லு பாப்போம்."

"எங்கப்பா மூக்கு எனக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தாள் வடிவு. மூக்கு என்று ஒன்று இருந்தது, மீசை என்று ஒன்று இருந்தது, மொத்தமாக அப்பா என்று ஒன்று இருந்தது. கூர்ந்து பார்க்கக் கூர்ந்து பார்க்க எல்லாம் கலங்கிப் போயிற்று. தெரிந்தவர் என்பதால் பார்க்கவேண்டியது இல்லை என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டோமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படைப்பு, பார்வை, வெளிப்பாடு என்று வகுப்பில் எழுந்து நின்று எவ்வளவு பேசியிருக்கிறாள்! அப்போதெல்லாம் அவள் காட்டின படங்களில் ஒவ்வொரு முகத்திலும் விழுந்த வெளிச்சம் யார் கையிலிருந்து விழுந்தது என்று ஒருத்தர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வெறி பிடித்தவள் மாதிரித் தன் பழைய படங்களையெல்லாம் எடுத்து ஓட்டினாள். கொத்தமல்லி அம்மாளின் முகத்தைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கினாள், இன்னும் பெரிசாக்கினாள், கண்ணின் கருமணிக்குள் போனாள். அங்கே ஒரு வெள்ளைச் சதுரம் மின்னியது. தெர்மாகோல் அட்டை. அட்டையின் இரண்டு ஓரத்திலும் விரல்கள், வார்னிஷ் கறை படிந்த நகங்களோடு. அவ்வளவுதான், அட்டைக்குப் பின்னால் முகம் மறைந்திருந்தது. மாவு வீசுகிறவர் கண்ணிலும் அதே வெள்ளை, அதே விரல். பஸ் ஸ்டாண்டில் அழுத பெண்ணின் கண்ணீரிலும் அதே விரல். அவள் எடுத்த எல்லா மனுஷர்களின் கண்ணிலும் அவர் நின்றுகொண்டிருந்தார். வடிவு திரைமேல் கையை வைத்துக்கொண்டு, "ப்பா, அட்டையக் கொஞ்சம் எறக்குங்கப்பா" என்று கெஞ்சினாள். எடுத்து முடித்த படத்தில் யார் கையை இறக்குவார்கள்?

கடைசி வருஷத்துக்கு ஒரு படம் செய்யவேண்டும். அவள் அப்பாவைத்தான் எடுப்பேன் என்றாள். கடையில் ஸ்டூலைப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் காமிராவை வைத்து ஓடவிட்டுவிட்டு, தான் வெளியே போய் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவர் காயில் சுற்றிக்கொண்டே பேசினார். எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோது அவளுக்குத் தெரிந்தது காலி ஸ்டூலும், தானாகச் சுற்றிக்கொள்கிற செம்புக் கம்பியும், குரலும்தான். ஆகவே தெருப் பெண்கள் அவளுக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்து, காராச்சேவு தின்றுகொண்டு படத்தை வெட்டிக் கொடுத்தார்கள். "இப்ப சிரிக்காரு, வெட்டிராத." "இப்ப ஜன்னலப் பாக்காரு. நீ அங்கதான் நிக்க போல." "இந்தா, இப்ப கண்ணத் தொடைக்காரு." மரகத மயினி, "இது மூக்குல்லா தொடைக்காரு" என்றாள். "கண்ணுதான் மயினி, எனக்குத் தெரியாதா" என்றாள் பேச்சியம்மாள்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. வகுப்பே எழுந்து கை தட்டிற்று. "ஒரு முகத்தை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு பொறுமையாகப் பார்த்த மாணவியை நான் கண்டதில்லை" என்று நடுவராக வந்தவர் மைக்கில் சொன்னார். வடிவு மேடையில், திரையிலிருந்த காலி ஸ்டூலைப் பார்த்தபடி நின்றாள். அரங்கத்தில் அவருக்காகப் போட்ட நாற்காலியும் அவள் கண்ணுக்குக் காலிதான். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா அந்தப் பக்கமாகச் சாய்ந்து யாருக்கோ முந்தானையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் ஒரு சேனலில் வேலை கிடைத்து வடிவு போனாள். போனில் அவர் நன்றாகவே பேசினார், போனில் பேச முதுகு எதற்கு, முகம் எதற்கு. "சாப்டியா, வெயில் எப்படி, அங்க ஒனக்கு அட்டை புடிக்க யாரு இருக்கா?" என்று கேட்பார். "இங்க எல்லாத்துக்கும் ஆள் இருக்குப்பா" என்பாள். "நல்லாப் புடிக்காவளா?" என்பார். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு தடவையாவது சட்டென்று திரும்பிப் பார்ப்பாள், பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்து அசடு வழியச் சிரிப்பாள். இப்படியே வருஷம் ஓடிற்று. பழகினால் எல்லாம் பழகிவிடும் என்பார்கள். அவளுக்கு இது மட்டும் பழகவில்லை.

அவர் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று மரகத மயினிதான் போன் செய்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம் தாயி. இல்லன்னுட்டாங்க." ரயிலில் வருகிற வழியெல்லாம் வடிவுக்கு ஒரே ஒரு நினைப்புத்தான் இருந்தது, அதைக் கேட்டால் கல்லும் கரையும். இத்தனை வருஷம் அவரை ஒரு தடவை காட்டு, ஒரே ஒரு தடவை காட்டு என்று கும்பிட்டவள், இப்போது காட்டிவிடாதே தாயே, காட்டிவிடாதே என்று வண்டிமறிச்சாளைக் கும்பிட்டாள். போய்ப் பார்க்கிறபோது ஐஸ் பெட்டி காலியாக இருக்கட்டும். காலியாக இருந்தால் அவர் நகர்ந்துவிட்டார் என்று அர்த்தம், நகர்ந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வந்துட்டியாம்மா என்பார்.

தெருவுக்கும் அதே நினைப்புத்தான். ஆட்டோ வந்து நின்றதும் சங்கு ஊதுகிறவர் நிறுத்திக்கொண்டார், ஒப்பாரி வைத்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள், டாக்டர் சொல்லிவிட்டார் என்றாலும் டாக்டருக்கு இந்த விஷயமெல்லாம் தெரியுமா என்று ஒவ்வொருத்தருக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை. அத்தனை பேரும் வடிவின் முகத்தையும் அவள் தோளுக்குப் பின்னாலும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். பந்தலுக்குள் ஐஸ் பெட்டியின் மூடியை எடுத்து வைத்திருந்தார்கள். அவள் நிமிர்ந்தாள்.

அவர் இருந்தார்.

நகரவில்லை. மாலையும் விபூதியுமாக, காலிலிருந்து தலைவரைக்கும், ஒரு ஓரம்கூட மறையாமல், அவள் கண் முன்னாலேயே இருந்தார். "தெரியுதா தாயி?" என்று மரகத மயினி கேட்டாள். வடிவு தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், தெருவே ஒரே குரலாகக் கதறிற்று. அதுவரை யாரும் அப்படி அழவில்லை.

குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி முடிந்து, "மொகம் பாக்கிறவிய கடைசியாப் பாத்துக்கிடுங்க" என்று தூக்குகிறவர்கள் குரல் கொடுத்தார்கள். எல்லாரும் விலகி வடிவுக்கு இடம் விட்டார்கள். அவள் குனிந்து பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள், காது மடலைப் பார்த்தாள், மூக்கு ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்தாள், மேலுதட்டில் மீசை முளைக்காத ஒரு இடத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலத்தெருவிலிருந்து வந்த பெரியவர் ஒருத்தர், "போதும் பிள்ள, பொழுது போகுது" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் மாமா" என்றாள். தாடைக்குக் கீழே, காதை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு பழைய தழும்பு இருந்தது. அவள் அதை விரலால் தொட்டாள்.

"ம்மா," என்றாள், "இது எப்பம்மா வந்துச்சு? நான் மெட்ராஸ் போன பெறகா? யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லயே?"

பேச்சியம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"அது நீ பொறக்கதுக்கு முன்னாடியே இருக்குடி" என்றாள்.

தூக்குகிறவர்கள் இன்னொரு தடவை குரல் கொடுத்தார்கள்.